பிரியாவிடையில் யாருடைய பாட்டு?



வருடக் கடைசி வந்தால் எங்கள் பகுதியில் பாடசாலை, வங்கி, காரியாலயம் என்று எங்கும் ஒன்றுகூடலும் பிரியாவிடையும்தான். சாப்பாட்டுக்கு ஒரு குழு, அன்பளிப்புக்கு ஒரு குழு என்று போடுகிறோம். பாட்டுக்கு மட்டும் குழு இல்லை. யாருடைய போன் ஸ்பீக்கரோடு இணைகிறதோ, அவருடைய பாட்டுத்தான் எல்லாருக்கும்.

இது சின்ன விடயமில்லை. அரச சேவையில் ஓய்வு வயது 60. பக்கத்துக் கதிரையில் 25 வயதில் புது நியமனம் பெற்றவர் இருக்கிறார். மூத்தவர் அன்னக்கிளி (1976) பாட்டை வானொலியில் கேட்டு வளர்ந்தவர். இளையவர் ரோஜா (1992) வந்தபோது பிறக்கவே இல்லை. இவர்களுக்கு இடையில், மார்க்கப் பேணுதலால் இசைக்கருவியோடு எதையும் கேட்காதவர்களும் இருக்கிறார்கள். சினிமாப் பாட்டை ரசிக்கும் முஸ்லிம்களும் தமிழ்ச் சகோதரர்களும் இருக்கிறார்கள்.

நாம் செய்வது இரண்டில் ஒன்று. சாப்பிடும் நேரத்திலேயே குத்துப்பாட்டை உச்சத்தில் போடுகிறோம். முப்பது வருடம் படிப்பித்துவிட்டுப் போகிறவரிடம் நாலு வார்த்தை பேசுவதென்றாலும் கத்த வேண்டியிருக்கிறது. பிடிக்காதவர் சண்டை பிடிப்பதில்லை. சாப்பாட்டுப் பார்சலை எடுத்துக்கொண்டு மெதுவாகப் போய்விடுகிறார். "வேலை இருக்கும்" என்று நாமும் சொல்லிக்கொள்கிறோம். அல்லது, "வம்பே வேண்டாம்" என்று எல்லாவற்றையும் நிறுத்தி, உரைக்கு மேல் உரை வைக்கிறோம். அடுத்த வருடம் இளையவர்கள் தனியாக ஒரு ஒன்றுகூடல் வைக்கிறார்கள். இரண்டு வழியிலும் ஒரே காரியாலயம் இரண்டாகிறது.

வழி இருக்கிறது. விழா யாருக்கோ, அவரிடம் ஒரு கிழமைக்கு முன்பே விருப்பத்தைக் கேளுங்கள். வரவேற்பிலும் சாப்பாட்டிலும் ஸ்பீக்கர் வேண்டாம். அது பேச்சுக்குரிய நேரம். ஸ்பீக்கர் பாட்டைக் கடைசி அரை மணித்தியாலத்துக்கு வைத்து, நிகழ்ச்சி நிரலிலேயே எழுதிவிடுங்கள். போக விரும்புகிறவர் சங்கடமில்லாமல் ஸலாம் சொல்லிப் போகட்டும். அந்த அரை மணித்தியாலம் இளையவர்களுடையது. அதில் மூத்தவர்கள் முகம் சுளிக்கக் கூடாது.

அதற்கு முன் ஒன்று: இலங்கை வானொலியில் பி. எச். அப்துல் ஹமீத் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' எங்கள் வீடுகளுக்குத் தெரியாததல்ல. ஒரு எழுத்தைக் கொடுத்தால் பாட வேண்டும். ஸ்பீக்கரும் வேண்டாம், இசைக்கருவியும் வேண்டாம். சினிமாப் பாட்டு வேண்டாதவர் எங்கள் மண்ணின் நாட்டார் கவியோ இஸ்லாமியப் பாடலோ சொல்லட்டும். வேளாண்மை வெட்டையும் கடலையும் பாடிய கவிகள் மூத்தவர்களின் நெஞ்சில்தான் இருக்கின்றன. அவர்கள் ஓய்வுபெற்றுப் போனபின் யாரிடம் கேட்பது?

பாட்டை நிறுத்தும் நேரமும் நமக்குத் தெரியும்: பாங்கு சொன்னால், அயலில் மையித்து என்றால், யாரும் சொல்லாமலே ஸ்பீக்கர் நிற்கும். அயல்வீட்டுக்குக் காட்டும் அந்த மரியாதையைப் பக்கத்துக் கதிரைக்கும் காட்டுவோம்.

உங்கள் இடத்தில் எப்படிச் செய்கிறீர்கள்? சொல்லுங்கள், நாமும் படித்துக்கொள்வோம்.