பிள்ளைகளுக்கு ஓர் அரை மணி நேரம்



"நைன்டீஸ் கிட்ஸ்" என்று தொடங்கும் படங்களும் பகிடிகளும் உங்கள் வாட்ஸ்அப்பிலும் வந்து குவிகின்றன அல்லவா? சக்திமான், மர்மதேசம், பிக் ஃபன் பபுள்கம்... பார்க்கச் சிரிப்பு வருகிறது, உடனே அடுத்த குரூப்புக்கும் அனுப்பிவிடுகிறோம். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? அவற்றில் முக்கால்வாசி தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் தொண்ணூறுகள். கொழும்பில், கொச்சிக்கடையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வளர்ந்த பிள்ளை பின்னேரம் டீவியைப் போட்டால், வந்தவர்கள் வேறு ஆட்கள்.

"தொஸ்தர ஹொந்த ஹித" ஞாபகம் இருக்கிறதா? மிருகங்களோடு பேசுகிற டொக்டர். கரட்டைக் கடித்துக்கொண்டு வேட்டைக்காரனை ஏய்க்கும் முயலுக்கு "ஹா ஹா ஹரி ஹாவா" என்று பெயர். குப்பைத் தொட்டிக்குள் குடியிருந்துகொண்டு பொலிஸ்காரருக்குத் தண்ணி காட்டும் பூனை "பிஸ்ஸு பூஸா". பக்ஸ் பன்னி, டாப் கேட் என்ற அவற்றின் ஆங்கிலப் பெயர்களை நம்மில் பலர் பெரியவர்களான பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

இவர்களையெல்லாம் நம் வீட்டுக்குள் கொண்டுவந்தவர் டைட்டஸ் தொட்டவத்த. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' படத்துக்கு 1956இல் எடிட்டிங் செய்தவர், 1979இல் 'ஹந்தயா' என்று சிறுவர் படம் ஒன்றை இயக்கியவர். ரூபவாகினி தொலைக்காட்சி 1982இல் ஆரம்பமான பிறகு வெளிநாட்டு நிகழ்ச்சிகளுக்குச் சிங்களத்தில் குரல் கொடுக்கும் வேலையை அங்கே வளர்த்தெடுத்தார். 2011இல் காலமானார்.

அவர் செய்ததை மொழிபெயர்ப்பு என்று சொல்லிக் கடந்துவிட எனக்கு மனம் வராது. அந்த முயல் சந்தையில் பேரம் பேசுகிற மாதிரிப் பேசியது. பூனை நம் ரோட்டு முனைப் பெடியன்கள் மாதிரி வாயடித்தது. பாட்டுகளும் பிள்ளைகளின் வாயில் நிற்கிற மாதிரிச் சிங்களத்தில் புதிதாகவே எழுதப்பட்டன. பிள்ளைகள்தானே பார்க்கிறார்கள், இது போதும் என்று அந்த மனிதர் ஒரு நாளும் நினைக்கவில்லை என்பது ஒவ்வொரு வசனத்திலும் தெரிந்தது.

அந்தக் காலத்து வீடுகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கொச்சிக்கடைப் பக்கத்துத் தோட்டங்களில் எல்லா வீட்டிலும் டீவி இல்லை. இருந்த வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்திருக்கும். தரையில் பிள்ளைகள், கதவு நிலையில் சாய்ந்தபடி பெரியவர்கள். தமிழ், சிங்களம், முஸ்லிம் என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பாயில். ஜூன் 13 அந்தோனியார் திருவிழாவுக்குக் கோவிலடியில் விளையாட்டுச் சாமான் கடை போடுவார்களே, அங்கே முயல் பொம்மையைக் கண்டால் எல்லாப் பிள்ளைகளும் "ஹரி ஹாவா" என்றுதான் கேட்டார்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே வருடங்களில்தான் யுத்தமும் நடந்தது. பஸ்ஸில் ஏறித் தமிழில் பேசினால், "மெதுவாப் பேசு" என்று அம்மாமார் நம் கையைப் பிடித்து அழுத்தினார்கள். 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு. அதன் பிறகு கோட்டைப் பக்கம் போய்வரும் ஒவ்வொருவரும் வீடு திரும்பும்வரை நெஞ்சு படபடக்க இருந்தோம். சோதனைச் சாவடி, பொலிஸ் பதிவு, இரவில் கதவு தட்டினால் அடையாள அட்டையோடு வரிசையில் நிற்பது. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் சொந்தக்காரரின் பெயர் பதிவில் இருக்கிறதா என்ற கவலை.

அப்படிப்பட்ட நாட்களிலும், மாலையில் அரை மணி நேரம் நம் பிள்ளைகள் சிங்களத்தைப் பயமில்லாமல் கேட்டார்கள், சிரித்தார்கள், திரும்பிச் சொன்னார்கள். சோதனைச் சாவடியில் கேள்வி கேட்ட அதே மொழியில்தான் அந்த முயலும் பேசியது. நம்மில் பலர் சிங்களம் பழகியது பள்ளிக்கூடப் புத்தகத்திலா, அந்த முயலிடமா? என்னைக் கேட்டால் முயலிடம்தான்.

மால்குடி டேய்ஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் பிறந்த ஆர்.கே. நாராயண் ஆங்கிலத்தில் எழுதிய கதைகள். சங்கர் நாக் இயக்கி, 1987இல் தூர்தர்ஷனில் வந்தது. கொழும்பில் அது "மல்குடி தவச". சுவாமி என்ற தமிழ்ப் பையன் நம்மிடம் சிங்களத்தில் பேசினான். எல். வைத்தியநாதனின் அந்த ஆரம்ப இசையைச் சமையலறையில் நின்றபடியே முணுமுணுத்த அம்மாமார் எத்தனை பேர்! அதைக் கேட்டதும் அடுப்பைக் குறைத்துவிட்டு முன் அறைக்கு வந்துவிடுவார்கள்.

வடக்கிலிருந்து வந்து இப்போது வெள்ளவத்தையில் இருக்கும் வாசகர்கள் இதைப் படிக்கும்போது என்ன நினைப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். உங்கள் தொண்ணூறுகளில் டீவியே கிடையாது. 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பற்றரி கொண்டுபோகத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடியது. ஜெனரேட்டரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து யாராவது ஒரு வீட்டில் படம் ஓடினால், விடிய விடிய அந்த ஒழுங்கை முழுக்க அங்கேதான். 1995 ஒக்டோபரில் வலிகாமமே இடம்பெயர்ந்து நடந்தபோது, பிள்ளைகள் எடுத்து வந்த பையில் ஒரு ராணி காமிக்ஸோ அம்புலிமாமாவோ இருந்தது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கதைகளையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா?

கொழும்பிலும் 1996இல் மின்வெட்டு வந்தது. மழை பொய்த்து, நாளொன்றுக்கு எட்டு மணி நேரம்வரை கரண்ட் இல்லை. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான், மார்ச் 17இல், லாகூரில் அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டம் அடித்து உலகக் கிண்ணத்தைக் கொண்டுவந்தார். அன்றிரவு கொட்டாஞ்சேனையில் வெடித்தது பட்டாசு என்று தெரிந்த நிம்மதியே ஒரு தனிச் சந்தோஷம்.

பிறகு 1998இல் சக்தி டீவி வந்தது, நம் வீடுகளில் நாள் முழுக்கத் தமிழ் கேட்டது. 2007இல் தமிழ்நாட்டில் சுட்டி டீவி தொடங்கியது. டிஷ் பூட்டிய வீடுகளில் 'டோராவின் பயணங்கள்' ஓடியது. தமிழில் கார்ட்டூன் பார்க்க நம் பிள்ளைகளுக்கும் வழி பிறந்ததில் எனக்கு மெத்தச் சந்தோஷம். ஆனால் அந்தத் தமிழ் சென்னைத் தமிழ். அதிலும் குறை சொல்ல மாட்டேன், அது நம் உறவு வீடு. என் ஆதங்கம் வேறு. "இஞ்ச வாங்கோ ராசா" என்று கூப்பிடுகிற அம்மம்மாவின் பேச்சில், மலையகத்து லயத்துப் பேச்சில், மட்டக்களப்புப் பேச்சில், கொட்டாஞ்சேனைத் தெருப் பேச்சில் ஒரு முயல் பேசி நம் பிள்ளைகள் எப்போதாவது கேட்டிருக்கிறார்களா?

இன்று வீட்டில் என்ன நடக்கிறது? ஆளுக்கு ஒரு போன், ஆளுக்கு ஒரு மூலை. அண்மையில் ஜம்பட்டா வீதியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஏழு வயதுப் பிள்ளை ஒன்று தன் பழைய கொம்பாஸ் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, இல்லாத கமராவைப் பார்த்து ஆங்கிலத்தில் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தது. கடைசியில் "சப்ஸ்கிரைப்" என்று சொல்லிக் கையசைத்தது. கெட்டிக்காரப் பிள்ளை, சந்தேகமே இல்லை. ஆனால் அம்மம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். பேத்தி சொன்ன ஒரு சொல்லும் அவருக்கு விளங்கவில்லை. பேத்தியும் அவருக்குச் சொல்லவில்லை, கமராவுக்குத்தான் சொன்னாள்.

பிள்ளைகளிடமிருந்து போனைப் பறியுங்கள் என்று நான் எழுதப் போவதில்லை. வேலைக்குப் போய் ஆறு மணிக்கு வந்து சோறு ஆக்கும் தாய்க்கு அந்தப் போன் எவ்வளவு உதவி என்பது தெரியாதவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். பிள்ளை பார்க்கட்டும். அது பார்ப்பது நம் வீட்டோடு ஒட்டிய ஒன்றாகவும் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

சிங்களப் பிள்ளைகளுக்கு ஒரு டைட்டஸ் கிடைத்தார். பக்கத்து வீட்டில் போட்ட விருந்தில் நமக்கும் பங்கு கிடைத்தது, அந்த நன்றி நமக்கு என்றும் உண்டு. நம் பேச்சில் நம் பிள்ளைகளுக்கு ஒருவர் வேண்டாமா? ஆட்கள் இல்லை என்று சொல்ல முடியுமா? கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் வானொலியில் குரல் கொடுத்த நாடு இது. கடல் தாண்டித் தமிழ்நாடே காது கொடுத்துக் கேட்ட வானொலி இங்கிருந்துதான் பேசியது. இன்றைக்கும் நம் பள்ளிக்கூட நாடகங்களில் குரல் மாற்றிப் பேசும் பிள்ளைகளைப் பாருங்கள். ஸ்டூடியோவும் இப்போது ஒரு மடிக்கணினிக்குள் வந்துவிட்டது. பார்க்கிறவர்கள் கேட்டால் செய்வார்கள். நாம்தான் இதுவரை கேட்கவில்லை.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் தினமும் பார்க்கும் தமிழ் அலைவரிசை எதுவோ, அதற்கு ஐந்து வரியில் ஒரு கடிதம் எழுதுங்கள். வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம், இலங்கைத் தமிழில் பிள்ளைகளுக்கு ஒரு கார்ட்டூன் வேண்டும் என்று கேளுங்கள். கடிதத்தை உங்கள் பிள்ளையின் கையாலேயே எழுதவையுங்கள், எழுத்துப் பிழை இருந்தாலும் திருத்த வேண்டாம். எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். வருகிற கடிதங்களை இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்