பத்து வயதில் பிரியும் பாதை

ஜெர்மனியின் பல மாநிலங்களில் நான்காம் வகுப்பு அரையாண்டு மதிப்பெண் சான்றிதழோடு இன்னொரு தாளும் வீட்டுக்கு வரும். அடுத்து எந்த வகைப் பள்ளிக்குப் போகலாம் என்று ஆசிரியர் பரிந்துரைக்கும் தாள். ரூர் பகுதியில், ஈழத்திலிருந்து வந்த ஒரு தாய்க்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஒருமுறை போயிருந்தேன். மகனுக்கு ‘ஹாப்ட்ஷூலே’ என்று எழுதியிருந்தது. அது படிப்பைச் சீக்கிரம் முடித்து, கைத்தொழில் பழக அனுப்பும் பள்ளி. பல்கலைக்கழகம் போக நேர்வழி ‘கிம்னாசியம்’தான். பையன் கணக்கில் கெட்டிக்காரன். ஜெர்மன் மொழிக் கட்டுரைதான் காலை வாரியது.

“ரீச்சர் சொன்னா சரியாத்தானே இருக்கும், அக்கா” என்றார் தாய்.

ரூர் பகுதி அடங்கிய நார்த் ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் அந்தப் பரிந்துரை பெற்றோரைக் கட்டுப்படுத்தாது. அது அவருக்குத் தெரியாது. ஆசிரியரை மதிக்க வேண்டும் என்று வளர்ந்த பெண், எதிர்த்துக் கேட்கலாம் என்று நினைத்தே பார்த்ததில்லை. மொழிபெயர்ப்பு வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு நானே சொன்னேன். எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் ‘கெஸாம்ட்ஷூலே’யில் அவனைச் சேர்த்தார்.

புலம்பெயர்ந்த பிள்ளைகள் பின்தங்கினால், “குடும்பச் சூழல் அப்படி” என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். குடும்பச் சூழல் முக்கியம்தான். ஆனால் அதற்கு எவ்வளவு கனம் என்பதைத் தீர்மானிப்பது கல்விக் கொள்கை. பதினைந்து வயதில் பிரித்தால், பிள்ளைக்குப் புதிய மொழி பிடிபட்டிருக்கும். பத்து வயதில் பிரித்தால், தரம் பார்க்கப்படுவது பெரும்பாலும் பெற்றோரின் மொழியும் படிப்பும்தான். போதாததற்கு, பள்ளிகள் பல காலம் மதியத்தோடு முடிந்தன. மீதிப் பாடத்தை யார் சொல்லிக்கொடுப்பது? ஜெர்மன் தெரிந்த, வீட்டில் இருக்கும் அம்மா. துப்புரவு வேலைக்குப் போய்வரும் அம்மா என்ன செய்வார்?

1961இல் துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு ஆளெடுத்த நாடு, 1973இல் அதை நிறுத்தியது. வந்தவர்கள் திரும்பிவிடுவார்கள் என்ற எண்ணத்திலேயே பள்ளிகளும் இருந்துவிட்டன. அந்த அலட்சியம் அம்பலமானது 2001 டிசம்பரில். பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் பீசா தேர்வு முடிவில் வாசிப்புக்கு ஜெர்மனி பெற்றது 484, சராசரி 500. குடும்பப் பின்னணியும் மதிப்பெண்ணும் மிக இறுக்கமாகப் பிணைந்திருந்த நாடுகளில் ஜெர்மனியும் ஒன்று. 2003 தேர்வில், ஜெர்மனியிலேயே பிறந்த புலம்பெயர்ந்தோர் பிள்ளைகள், வெளியே பிறந்து வந்தவர்களைவிடக் கணக்கில் பின்தங்கினார்கள். இரு பிரிவினரின் பூர்வீகம் வேறு என்பது ஒரு காரணம். ஆனாலும் பிறந்ததிலிருந்து அங்கேயே வளர்ந்த பிள்ளைக்குப் பள்ளி என்ன செய்தது என்ற கேள்வி இன்றும் என்னை உறுத்துகிறது.

கனடாவில் புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள இடைவெளி மிகக் குறைவு. படித்தவர்களாகப் பார்த்துக் குடியேற அனுமதிப்பதால் அந்த ஒப்பீட்டை நான் அதிகம் நம்புவதில்லை. ஆனால் ஒன்று: அங்கேயும் ஒன்ராறியோ மாகாணம், ஒன்பதாம் வகுப்பில் மாணவர்களைத் தரம்பிரிப்பதை 2021இல் கணக்குப் பாடத்தில் தொடங்கி நிறுத்திவிட்டது.

ஜெர்மனியிலும் பிரிக்கும் வயதைத் தள்ளிப்போட ஹாம்பர்க் மாநிலம் ஒரு முயற்சி செய்தது. தொடக்கப் பள்ளியை ஆறாண்டாக்கும் திட்டம் 2010 ஜூலையில் பொது வாக்கெடுப்புக்கு வந்து தோற்றது. வசதியானவர்கள் வாழும் பகுதிகளில் திரண்டு வந்து வாக்களித்தார்கள். ஏழைப் பகுதிகளில் வாக்குப்பதிவு மந்தம். யாருடைய பிள்ளைகளுக்காக அந்தத் திட்டமோ, அவர்களில் பலருக்கு, குடியுரிமை இல்லாததால், வாக்கே இல்லை.

2024இல் ஜெர்மனியில் தொடங்கிய ‘ஸ்டார்ட்சான்சன்’ திட்டம், வறுமையும் குடியேற்றமும் மிகுந்த சுமார் 4,000 பள்ளிகளுக்குப் பத்தாண்டுகளில் 2,000 கோடி யூரோ தருகிறது. வரவேற்கிறேன். ஆனால் பிரிக்கும் வயதை அது தொடவில்லை. அதை மாற்றும்வரை குறைந்தபட்சம் ஒன்று செய்யலாம்: அந்தப் பரிந்துரைத் தாளில், ‘முடிவு உங்களுடையது’ என்ற வரியைத் தமிழிலும் துருக்கிய மொழியிலும் அரபியிலும் அச்சிடட்டும்.

கட்டுரையாளர்: கல்விச் சமூகவியல் ஆய்வாளர்.