வீட்டுக் கதவைப் பூட்டியாச்சு... ரூட்டரை?

ஊருக்குக் கிளம்பும்போது பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்காத குடும்பம் இருக்காது. ஆனால், டிவிக்குப் பின்னால் தூசி படிந்து கிடக்கும் வைஃபை ரூட்டரை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இணைப்பு கொடுக்க வந்தவர் மாட்டினார், பாஸ்வேர்டு சொன்னார், போய்விட்டார். அவ்வளவுதான்.

இத்தனைக்கும் ரூட்டர் ஒரு நல்ல காவல்காரர். வீட்டில் யாராவது செல்போனில் வீடியோ பார்த்தால், அதற்கான பதிலை மட்டும் உள்ளே விடும். யாரும் கேட்காமல் வெளியிலிருந்து வந்து தட்டினால் திறக்காது. இந்த வேலையைச் செய்வதுதான் ஃபயர்வால். சிக்கல், இதில் நாமே போட்டுவைக்கும் ஓட்டைகளால் வருகிறது.

வாசலில் சிசிடிவி கேமரா மாட்டுகிறார்கள். ஆபீஸிலிருந்தும் பார்க்க வேண்டும் என்றதும், மாட்ட வந்தவர் ரூட்டரில் 'போர்ட் ஃபார்வர்டிங்' போட்டுத் தருகிறார். வெளியிலிருந்து வருபவரை நேராகக் கேமராவிடம் அனுப்பும் வழி அது. வீட்டுக்காரர் அந்த வழியாக வரலாம் என்றால், மற்றவர்களும் வந்து தட்டலாம். கேமராவின் பாஸ்வேர்டு கம்பெனியில் போட்ட அதே பாஸ்வேர்டாக இருந்துவிட்டால், தட்டவே வேண்டாம்.

2016-ல் 'மிராய்' என்ற வைரஸ் செய்தது இதைத்தான். ஜப்பானிய மொழியில் 'எதிர்காலம்' என்று பெயர்! இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்களையும் ரூட்டர்களையும் தேடிப்பிடித்து, கம்பெனி பாஸ்வேர்டுகளில் சுமார் 60-ஐ வரிசையாகப் போட்டுப் பார்த்தது. சிக்கியவற்றை ஒன்றுசேர்த்து, அக்டோபர் 21 அன்று டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தைத் தாக்கினார்கள். ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பலருக்கு மணிக்கணக்கில் திறக்கவில்லை. தங்கள் வீட்டுக் கேமராவும் இதில் ஒரு கூட்டாளி என்பது சொந்தக்காரர்களுக்குத் தெரியவே தெரியாது. அது வழக்கம்போலப் படம் காட்டிக்கொண்டுதான் இருந்தது.

சரி, எங்கே பார்ப்பது? ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 192.168.1.1 போல ஒரு எண் இருக்கும். வைஃபையில் இருந்தபடி அதை பிரவுசரில் போட்டால் செட்டிங்ஸ் பக்கம் வரும். இங்கே கேட்பது வைஃபை பாஸ்வேர்டு அல்ல, அட்மின் பாஸ்வேர்டு. அதுவும் ஸ்டிக்கரிலேயே இருக்கலாம். முதல் வேலையாக அதை மாற்றிவிடுங்கள்.

ஃபயர்வால் 'ஆன்' ஆக இருக்க வேண்டும். போர்ட் ஃபார்வர்டிங் பட்டியலில் எதற்கென்றே தெரியாத வரிகள் இருந்தால் நீக்கலாம். 'டி.எம்.இசட்', 'ரிமோட் மேனேஜ்மென்ட்' இரண்டும் ஆஃப். முதலாவது, ஒரு கருவியை அப்படியே தெருவில் நிறுத்திவைப்பது. இரண்டாவது, ரூட்டரின் சாவியையே வெளியே தொங்கவிடுவது. 'யு.பி.என்.பி' என்று ஒன்று இருக்கும். கேமராவோ கேம் கருவியோ வீட்டுக்காரரைக் கேட்காமலேயே வாசலைத் திறந்துகொள்ள அனுமதிப்பது இதுதான். இதையும் அணைப்பது நல்லது. ஆன்லைன் கேம் ஆடும் பிள்ளைகள் கொஞ்சம் முணுமுணுக்கலாம். ஆப் மூலம் பார்க்கும் கேமராக்களில் பெரும்பாலானவை, கம்பெனி சர்வரைத் தாமாகவே தொடர்புகொள்பவை என்பதால் அவற்றுக்குப் பாதிப்பு வராது.

பலரும் கோட்டைவிடுவது ஐபிவி6-ல். அந்த முறையில் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் வெளியுலகம் அறியும் தனி முகவரி கிடைத்துவிடுகிறது. ரூட்டருக்குப் பின்னால் மறைந்துகொள்ளும் வசதி அங்கே இல்லை. அதனால் ஐபிவி6 ஃபயர்வால் என்று தனியாக இருந்தால், அதையும் ஆன் செய்ய வேண்டும். சில ரூட்டர்களில் இந்தப் பக்கங்களையே இணைப்பு கொடுத்த நிறுவனம் பூட்டிவைத்திருக்கும். அப்போது கஸ்டமர் கேருக்குப் போன் செய்து கேட்பதுதான் வழி.

மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது குழம்பிவிட்டது என்று பின்பக்கத்துச் சின்ன ஓட்டையில் குண்டூசி விட்டு ரீசெட் செய்துவிடாதீர்கள். இணைப்புக்கான யூசர்நேமும் சேர்ந்து அழிந்துபோனால், ஆள் வரும்வரை வீட்டில் நெட் கிடையாது.