200 மணி நேரப் பறத்தலின் விலை

பிளஸ் 2 முடிவுகள் வரும் மே மாதத்தில், விமானி ஆக வேண்டும் என்று பிள்ளை சொல்லிவிட்டால், பெற்றோர் முதலில் விசாரிப்பது வயதைப் பற்றித்தான். அதற்கான விடை எளிது. 16 வயதில் மாணவ விமானி உரிமம், 17-இல் தனியார் விமானி உரிமம், 18-இல் சிபிஎல் எனப்படும் வணிக விமானி உரிமம் பெறலாம். பயணிகள் விமானத்தின் கேப்டன் ஆவதற்கான ஏடிபிஎல் உரிமத்துக்கு 21 வயதும் 1,500 மணி நேர அனுபவமும் வேண்டும். பிளஸ் 2-வில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். படிக்காதவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக அந்த இரண்டு பாடங்களை மட்டும் எழுதிக்கொள்ளலாம். சட்டம் யாரையும் வாசலில் தடுத்து நிறுத்தவில்லை.

அடுத்த கேள்வி, ‘எவ்வளவு செலவாகும்?’ பெரும்பாலான வீடுகளில் பேச்சு அதோடு நின்றுவிடுகிறது.

சிபிஎல் பெறக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் முழுப் பொறுப்பும் மாணவர் கையில் இருக்க வேண்டும். நான்கு இருக்கை கொண்ட செஸ்னா 172 போன்ற விமானத்தில் ஒரு மணி நேரப் பயிற்சிக்கு 15,000 முதல் 20,000 ரூபாய்வரை வாங்குகிறார்கள். இதுவே 30 முதல் 40 லட்சம். தேர்வுகள், மருத்துவச் சான்று, விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் 50 லட்சத்தைத் தொடும். உரிமம் கைக்கு வந்த பிறகு, ஏர்பஸ் ஏ320 அல்லது போயிங் 737 ஓட்டுவதற்கான ‘டைப் ரேட்டிங்’ பயிற்சிக்கு மேலும் 15 லட்சம் அளவுக்கு வேண்டும். விமான நிறுவனங்கள் நடத்தும் கேடட் திட்டங்களில் சேர்ந்தால் மொத்தச் செலவு ஒரு கோடியைத் தாண்டுகிறது.

இந்தக் கணக்கில் எழுதப்படாத செலவு ஒன்று இருக்கிறது: காலதாமதம். பயிற்சி விமானத்தில் கட்டணத்துக்குரிய நேரம் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும்போது தொடங்குவதில்லை. விமானம் நிறுத்துமிடத்தைவிட்டு நகரும்போதே தொடங்கிவிடுகிறது. பரபரப்பான விமான நிலையத்தில் ஓடுதளத்தின் ஓரத்தில், பயணிகள் விமானம் இறங்கட்டும் என்று இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்கும் பத்து நிமிடமும் மாணவரின் பணம்தான். இது சிறிய இழப்பு. விமானம் பழுதாகி உதிரிபாகத்துக்காக நிற்பது, பயிற்றுநர் வேலையை விட்டுப் போவது, வட இந்தியாவில் டிசம்பர், ஜனவரி மாதப் பனிமூட்டம் என்று மாதக்கணக்கில் பறக்க முடியாமல் போவதுதான் பெரிய இழப்பு. 40 லட்சம் கடனுக்கு 10% வட்டி என்று வைத்துக்கொண்டால், ஓராண்டுத் தாமதத்தின் விலை 4 லட்சம். அத்துடன், உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய 6 மாதங்களுக்குள் 15 மணி நேரமாவது பறந்திருக்க வேண்டும் என்பது விதி. எழுத்துத் தேர்வின் கடைசித் தாளில் தவறி, அடுத்த தேர்வுக்குக் காத்திருக்கும் மாணவர், 200 மணி நேரத்தை முடித்திருந்தாலும் மீண்டும் பணம் கட்டிப் பறக்க வேண்டிவரும்.

இந்தச் சுமையை இன்று யார் சுமக்கிறார்கள்? பெரும்பாலும் குடும்பம்தான். கல்விக் கடனில் 7.5 லட்சத்துக்கு மேல் போனாலே வங்கிகள் சொத்தை ஈடு கேட்கின்றன. ஆகவே, விமானி ஆவதற்கான உண்மையான தகுதி 18 வயதோ இயற்பியலோ அல்ல. அடமானம் வைக்க வீடு இருக்கிறதா என்பதுதான். பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் உயர்தரக் கல்வி உதவித்தொகைத் திட்டம், தனியார் பயிற்சிப் பள்ளிகளில் சிபிஎல் படிப்போருக்கு வைத்த உச்சவரம்பு ஆண்டுக்கு 3.72 லட்சம் ரூபாய். அந்தத் தொகையில் 25 மணி நேரம்கூடப் பறக்க முடியாது. ஒடிஷாவின் மல்கான்கிரி மாவட்டத்தைச் சேர்ந்த பழங்குடிப் பெண்ணான அனுப்ரியா லக்ரா 2019-இல் கோ-பைலட் ஆனபோது நாடே கொண்டாடியது. அவர் பொறியியல் படிப்பை விட்டுவிட்டுப் பயிற்சியில் சேர்ந்தது 2012-இல். காவல் துறையில் பணியாற்றிய அவருடைய தந்தை கடன் வாங்கியும் உறவினர்களிடம் உதவி பெற்றும் படிக்கவைத்தார். அந்த ஏழு ஆண்டுகளைக் குடும்பம் எப்படித் தாக்குப்பிடித்தது என்று எத்தனை பேர் கேட்டோம்?

விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பதை அரசால் இலவசமாகச் செய்ய முடியாது என்பதும் சரியல்ல. தேசிய பாதுகாப்பு அகாடமியில் பதினாறரை வயதிலிருந்து சேரலாம். விமானப் படைப் பிரிவுக்குத் தேர்வாகும் இளைஞரின் பயிற்சிச் செலவை அரசே ஏற்கிறது. அதே நாட்டில், ஃபர்சத்கஞ்சில் உள்ள இந்திரா காந்தி தேசிய விமானப் பயிற்சி நிறுவனம் மத்திய அரசுக்குச் சொந்தமானது. அதன் கட்டணமே சுமார் 45 லட்சம். மருத்துவத்தில் அரசுக் கல்லூரி இடம் என்பது ஏழைப் பிள்ளைக்கு ஒரு வாசல். விமானப் பயிற்சியில் அப்படியொரு வாசல் கட்டப்படவே இல்லை.

இவ்வளவுக்கும் விமானிகளின் தேவை கூடிக்கொண்டேதான் போகிறது. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் (டிஜிசிஏ) 2020-இல் வழங்கிய சிபிஎல் உரிமங்கள் 578, 2023-இல் 1,622. பயிற்சிப் பள்ளிகள் வருவாயில் பங்கு தர வேண்டும் என்ற நிபந்தனையை விமான நிலைய ஆணையம் 2020-இல் நீக்கியது. அதன் தொடர்ச்சியாக, பயிற்சிக்கு ஒதுக்கப்பட்ட நிலையங்களின் பட்டியலில் சேலமும் இடம்பெற்றது. 2022-இல் பயிற்சி விமானங்களுக்கான பெட்ரோல் உள்நாட்டிலேயே தயாராகத் தொடங்கியது. 2024-இல் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிகளுக்கு ஜிஎஸ்டி விலக்கு உறுதிசெய்யப்பட்டது. எல்லாம் நல்ல முடிவுகள். ஆனால், இவற்றால் பள்ளிகளின் செலவு குறைந்ததே தவிர, மாணவர் கட்டும் தொகை கண்ணுக்குத் தெரியும்படி குறையவில்லை.

சலுகை பெறும் பள்ளிகள் ஆண்டுக்குச் சில இடங்களையாவது அரசு நிர்ணயிக்கும் கட்டணத்தில் தர வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதில் என்ன தடை? பயணிகள் விமானங்கள் குறைவாக வந்துபோகும் சேலம், ஓடுதளத்தில் காத்திருக்கும் செலவு குறைந்த இடம். தமிழ்நாடு அரசு அங்கே அரசுப் பள்ளி மாணவர்களில் இருபது பேரைத் தேர்ந்தெடுத்து முழுச் செலவையும் ஏற்றால், அது ஆண்டுக்குப் பத்துக் கோடி ரூபாய். ஒரு மாநில பட்ஜெட்டில் பெரிய தொகை அல்ல. சிபிஎல் கடனுக்கு அரசே உத்தரவாதம் தர வேண்டும். டைப் ரேட்டிங் செலவை, அந்தத் திறனால் பயன்பெறும் விமான நிறுவனம் ஏற்க வேண்டும்.

பணமே தேவைப்படாத சீர்திருத்தங்களும் உண்டு. மொத்தக் கட்டணத்தையும் முன்கூட்டியே வாங்குவதைத் தடைசெய்து, பறந்த மணி நேரத்துக்கேற்பத் தவணையாக வாங்கச் செய்யலாம். மாணவ உரிமத்துக்கு இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று போதும். சிபிஎல்லுக்கு முதல் வகுப்புச் சான்று வேண்டும். பாதிப் பயிற்சி முடிந்து, பல லட்சம் கட்டிய பிறகு, முதல் வகுப்புச் சான்றுக்குத் தடையாகும் உடல்நலக் குறை தெரியவந்தால் அந்தப் பணம் திரும்பி வராது. முதல் வகுப்புச் சான்று இல்லாமல் சிபிஎல் பயிற்சிக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று டிஜிசிஏ ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். அடுத்த மே மாதச் சேர்க்கைக்கு முன்பே அதைச் செய்துவிட முடியும்.