பிஎஸ்ஏ இறங்கினால் ஊசியை நிறுத்தலாமா?

புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளும் பெரியவர்களில் சிலர், ரத்தத்தில் பிஎஸ்ஏ என்ற புராஸ்டேட் புரதத்தின் அளவு இறங்கியதும் நோய் போய்விட்டது என்று நம்பி ஊசியைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த எண் எதைக் காட்டுகிறது என்று யாரும் அவர்களை உட்காரவைத்துத் தமிழில் சொன்னதில்லை.

ரெட்டியார்சத்திரத்தில் முருங்கை போட்டிருக்கும் என் சித்தப்பாவுக்கு, எலும்புக்குப் பரவிய பிறகுதான் நோய் தெரிந்தது. அப்போது பிஎஸ்ஏ 86. மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. அது 0.9-க்கு இறங்கியதும் ரிப்போர்ட்டைப் பழனி ரோட்டு டீக்கடை வரை கொண்டுபோய்க் காட்டினார். "நார்மலுன்னு வந்துருச்சுப்பா. இனி எதுக்கு அம்புட்டுக் காசு குடுத்து ஊசி?" என்றார். பிளஸ் டூவுக்கு விலங்கியல் நடத்தியவன் நான். திண்ணையிலேயே பாடத்தை ஆரம்பித்தேன்.

புராஸ்டேட் செல்லுக்குள் ஆண்ட்ரோஜன் ஏற்பி என்றொரு புரதம் இருக்கிறது. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், எந்த ஆணுக்கும் அது அம்மா வழி வந்ததுதான். விதைகளில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் செல்லுக்குள் வந்து, இன்னும் வீரியமான ஹார்மோனாக மாறி, இந்த ஏற்பியோடு சேர்கிறது. சேர்ந்ததும் ஏற்பி உட்கருவுக்குள் போய், டிஎன்ஏவில் தனக்குரிய இடங்களைப் பிடித்துக்கொண்டு மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. செல்லை வளரவைக்கும் மரபணுக்கள் அவற்றில் உண்டு. பிஎஸ்ஏவுக்கான மரபணுவும் உண்டு. ஊசி டெஸ்டோஸ்டிரோனை வற்றவைப்பதால் ஏற்பி ஓய்கிறது, பிஎஸ்ஏ இறங்குகிறது. ஆனால் புற்றுநோய் செல்கள் எல்லாமே செத்துவிடுவதில்லை.

விதைகளை அகற்றினால் பரவிய நோயும் தணியும் என்று சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-லேயே காட்டினார். 1966-ல் நோபல் பரிசு பெற்றார். 2005-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையனின் குழு இன்னொன்றைக் கண்டுபிடித்தது. அந்தத் தமிழ்ப் பெயரை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். பல நோயாளிகளின் புற்றுநோய் செல்களில், ஏற்பிக்குக் கட்டுப்பட்ட டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற மரபணு, ஈஆர்ஜி என்ற வேறொரு மரபணுவோடு இணைந்து கிடந்தது. இணைந்த பிறகு ஈஆர்ஜியையும் ஏற்பியே ஆட்டிவைக்கிறது.

ஊசி போட்டுவந்தாலும் சிலருக்கு நாளடைவில் ஹார்மோன் சேரும் பகுதியே இல்லாத குட்டை ஏற்பி உருவாகிறது. ஹார்மோன் இல்லாமலே அது வேலை செய்யும். கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டரில் காண்டாக்டர் கருகி ஒட்டிக்கொண்டால், சிவப்புப் பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் மோட்டார் நிற்காதே, அதைப் போலத்தான் என்றேன். சித்தப்பாவுக்கு அங்கேதான் பிடிபட்டது. "அப்ப ஊசியும் போடணும், நம்பர் ஏறுதான்னும் பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றார்.

இந்தப் பாடத்துக்கு விலங்கியல் வாத்தியார் வீட்டில் இருந்தாக வேண்டுமா? முதல் ஊசி போடும் அன்றே நோயாளியையும் வீட்டாரையும் உட்காரவைத்து மருத்துவமனை பத்து நிமிடம் பேச வேண்டும். பிஎஸ்ஏ ரிப்போர்ட்டின் அடியில், 'அளவு குறைந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தாதீர்கள்' என்று தமிழில் அச்சிட வேண்டும். உடம்பில் அனல் அடிக்கும், எலும்பு வலுவிழக்கும் என்பதையும் மறைக்கக் கூடாது. ஊசிக்குக் காசில்லாதவரிடம், ஒரே முறை செய்யும் விதை நீக்க அறுவை சிகிச்சையும் ஊசியின் வேலையைச் செய்யும் என்று கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்தில் 2022 ஜனவரியில் திறந்த திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியிலேயே இதைத் தொடங்கலாம்.