வாடகை வட்டியைக் கட்டாது

காணி விற்பவனைப் பிழைக்கத் தெரியாதவன் என்பது கற்பிட்டிக்குப் போகும் வழியிலுள்ள எத்தாளைப் பக்கத்துப் பேச்சு. மண் ஏமாற்றாதாம், வீட்டைக் கட்டி வாடகைக்கு விட்டால் வங்கிக் கடன் தானாக அடைந்துவிடுமாம். வளைகுடாவில் வெயிலில் உழைத்த காசு இந்தப் பேச்சை நம்பியே பாலாவி–கற்பிட்டி வீதியோரம் சுவராகவும் கூரையாகவும் எழுகிறது. இந்த நம்பிக்கை தவறு. உழைத்தவனையே கடன்காரனாக்கும் தவறு.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரண்டு கோடி ரூபா பெறுமதியான வீடு, மாத வாடகை 60,000 என்று வைப்போம். ஒரு மாதம்கூடப் பூட்டிக் கிடக்காவிட்டாலும் ஆண்டுக்கு 7,20,000, பெறுமதியில் 3.6 சதவீதம். அதே வீட்டின் மேல் ஒரு கோடி கடன், வட்டி 12 சதவீதம் என்றால் மாதம் ஒரு இலட்சம் வட்டிக்கே போகும். கடன் முதலில் ஒரு சதம் குறையாமலே மாதம் 40,000 கையிலிருந்து போட வேண்டும். கடல் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் கம்பியும் கூரையும் செலவு வைப்பது வேறு.

2022இல் என்ன நடந்தது? ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் ஏற்றியது. ஆண்டு முடிவதற்குள் பெரிய நிறுவனங்களுக்கே வங்கிகள் 25 சதவீதத்துக்கு மேல் வட்டி கேட்டன. மாறும் வட்டிக்கு ஈடு வைத்தவர்களின் தவணை வீங்கியது. வாடகைக்காரரோ பெற்றோலுக்கும் அரிசிக்கும் வரிசையில் நின்றார். அவரிடம் இரட்டிப்பு வாடகை கேட்க முடியுமா?

"விலை ஏறியதே" என்பார்கள். ரூபாவில் ஏறியது உண்மை. ஆனால் அந்தச் செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம், காணி விலை அந்த வேகத்தின் அருகிலும் போகவில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டியிருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ஒரு கோடி ரூபாக் காணி 50,000 டொலரிலிருந்து 28,000க்கும் கீழே வந்தது. டொலரில் உழைத்து ரூபாவில் பூட்டி வைத்தவருக்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

கற்பிட்டிச் சுற்றுலா பற்றிய ஆசையும் இதே வகைதான். தீவுகளில் விடுதி வரும் என்று அரசு திட்டம் போட்ட காலத்தில் காணித் தரகர்கள் வீடு வீடாக ஏறினார்கள். சுற்றுலாக்காரரை இழுக்கும் பட்டச் சறுக்கல் கடல் விளையாட்டுக்கு ஏற்ற காற்று வீசுவதோ மே முதல் ஒக்டோபர் வரையும் பிறகு டிசம்பர் முதல் மார்ச் வரையும்தான். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்பு, 2020 கொரோனா, 2022 எரிபொருள் பஞ்சம் என்று நான்கு ஆண்டுக்குள் மூன்று முறை அறைகள் வெறுமையாகின. வங்கித் தவணைக்குப் பருவகாலம் கிடையாது.

பிறகு வட்டி இறங்கியது. 2024 நவம்பரில் மத்திய வங்கியின் கொள்கை வட்டி 8 சதவீதமாக இருந்தது. பழைய உயர் வட்டிக் கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்றுவது நல்ல காரியம். முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணம், சட்டத்தரணி செலவு, புதிய மதிப்பீட்டுச் செலவு மூன்றையும் கழித்த பிறகும் மிச்சம் வந்தால் உடனே செய்யலாம். ஆனால் கடனை மாற்றும் சாக்கில் மேலதிகப் பணம் எடுத்து இன்னொரு வீட்டுக்கு அத்திவாரம் போடுவது 2022ஐ வீட்டுக்குள் திரும்ப அழைப்பதாகும்.

கடனில்லாமல், மகளுக்குக் கொடுப்பதற்காக வைத்திருக்கும் வீட்டை யாரும் விற்கச் சொல்லவில்லை. அது முதலீடு அல்ல, குடும்பக் கடமை. கடன் தின்னும் இரண்டாவது, மூன்றாவது வீடுகளைப் பற்றியே இங்கு பேச்சு. விற்றால் வரி போகும் என்ற பயமும் பாதியே உண்மை: மூலதன ஆதாய வரி 2025 ஏப்ரலிலிருந்து 15 சதவீதம், அதுவும் இலாபத்தின் மேல் மட்டும். 2017 செப்டம்பர் 30க்கு முன் வாங்கிய காணிக்கு அந்தத் திகதியின் சந்தை விலையே அடக்க விலையாகக் கொள்ளப்படும்.

விற்காமல் இழுத்தடிப்பவருக்காக வங்கி காத்திருக்காது. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலம் விட வங்கிக்கு அதிகாரம் உண்டு. பராட்டே என்று எல்லோரும் அஞ்சும் அந்த அதிகாரத்தை அரசு 2024இல் நிறுத்தி வைத்தது. 2025 மார்ச் 31 வரை மட்டுமே அந்த நிறுத்தம் நீண்டது.