லேத் பட்டறை வேலை"தானே"?

போன மாதம் பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பெண் கேட்டுத் திருமுல்லைவாயல் போய்வந்தோம். பொதுவான ஆளாக என்னையும் கூட்டிப்போனார்கள். பெண்ணின் அப்பா என்னைப் போலவே அரசாங்க குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். காபி கொடுத்தார், மரியாதையாகப் பேசினார். கிளம்பும்போது என்னை மட்டும் ஓரமாக அழைத்து, "பையன் நல்ல பையன்தான் சார். ஆனா லேத் பட்டறை வேலைதானே?" என்றார்.

அந்தத் "தானே"வுக்கு அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

பையன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் பல்சக்கரம் வெட்டுகிறான். பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் மெஷினிஸ்ட் படித்தவன். மில்லிங் மெஷினில் 27 பல் சக்கரம் ஒன்றை வெட்டுவதை எனக்குக் காட்டினான். இண்டெக்ஸிங் ஹெட்டின் கைப்பிடியை 40 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். ஆகவே ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு முழுச் சுற்று, அதற்கு மேல் 27 துளை வட்டத்தில் 13 துளை. ஒரே ஒரு துளை கூடிப்போனால் அந்தப் பல் தடிக்கும், கடைசிப் பல் மெலியும், சக்கரம் பழைய இரும்புக்குப் போகும். நான் ஃபைலில் கூட்டல் தப்பினால் அடித்து எழுதி இனிஷியல் போட்டு முப்பது வருஷம் ஓட்டியவன். இரும்பில் இனிஷியல் போட இடமில்லை.

"இப்போ சி.என்.சி. வந்துடுச்சே, பட்டனைத் தட்டினாப் போதுமே" என்கிறார்கள் பூங்காவில் நடக்கும் நண்பர்கள். பட்டனுக்குச் சித்திரை வெயில் தெரியுமா? 100 மில்லிமீட்டர் எஃகு ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஒரு மைக்ரானுக்குச் சற்று மேல் நீளும். மெஷினிலிருந்து இறக்கிய சூட்டோடு அளந்தால் அளவு சரியாகத்தான் காட்டும். வாங்குகிறவரின் ஏ.சி. அறையில் 20 டிகிரி ஆறியபின் 20 மைக்ரானுக்கு மேல் குறையும். டிராயிங்கில் கொடுத்த டாலரன்ஸே சில சமயம் அவ்வளவுதான். நம் தலைமுடியின் பருமனில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. பிறகு 900 டிகிரிக்கு மேல் உலையில் வைத்துக் கடினமாக்கும்போது சக்கரம் கோணிக்கொள்ளும். எவ்வளவு கோணும் என்று முன்னாலேயே கணித்து, கிரைண்டிங்குக்கு எஃகு விட்டுவைக்க வேண்டும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அந்த மொழியில் "மெத்தியே" என்று ஒரு சொல் உண்டு. தொழில், கைப்பழக்கம், அதன் பெருமை எல்லாம் அதில் அடக்கம். பிரான்சில் 1924-லிருந்து தலைசிறந்த தொழிலாளர்களுக்குப் போட்டி வைக்கிறார்கள். ஜெயித்தவர் சட்டைக் காலரில் நீலம், வெள்ளை, சிவப்புப் பட்டையோடு நிமிர்ந்து நடக்கலாம். இங்கே கையில் கிரீஸ் இருந்தால் கல்யாணப் பேச்சு நின்றுபோகிறது. 1964-ல் வந்த எஸ்டேட்டும், விஜயந்தா டாங்கி செய்த ஆவடி தொழிற்சாலையும், பாடிக் கம்பெனிகளும் இல்லாவிட்டால் நம் மனைகளுக்கு ஏது இந்த விலை? மனை விலை இனிக்கிறது, மாப்பிள்ளை கசக்கிறான்.

பெண்ணைப் பெற்றவரின் பயம் எனக்குப் புரியாமலில்லை. எனக்கு மாதம் பிறந்தால் பஞ்சப்படியோடு பென்ஷன் வருகிறது. பி.எஃப். பென்ஷனுக்குக் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014-ல் வைத்தார்கள். பத்து வருஷம் கழித்தும் அதே 1,000. அதைக் கேட்டுச் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். பையனின் தொழிலை ஏன் இளக்காரம் செய்கிறீர்கள்?

இதில் எனக்கும் பங்குண்டு. கொள்முதல் பிரிவில் இருந்தபோது டெண்டர் பிரித்து, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, குறைந்த விலைக்குக் கீழே சிவப்புக் கோடு இழுத்தவன் நான். அந்த விலை யாருடைய கூலியில் குறைந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பட்டியலில் அதற்குக் கட்டமும் இல்லை.

பெண்ணின் அப்பாவுக்கும் இதை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். ஞாயிறு தவிர எல்லா நாளும் பட்டறை உண்டு, சார். வாருங்கள், நானே கூட்டிப்போகிறேன்.